நஸீபா கப்பல் ஏறிய வாரம்

சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு
1908 மார்ச் 12

தம்பி அப்துல் அலீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கூடப்பிறந்த மூத்தவள், லாத்தா நூருன்னிசா எழுதுகிறேன். மைமூனுக்குப் பல்வலி என்று எழுதியிருந்தாயே, விட்டதா? கிராம்புத் தைலம் மட்டும் போதாது. பல்லைப் பிடுங்கிவிடச் சொல்.

இந்தக் கடிதத்தை உன் மச்சான் எழுதச் சொல்லவில்லை. ஆனால் நான்கு நாளாக அச்சுக்கூடத்திலிருந்து மேலே வந்து சாப்பிட உட்காருகிறவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். என்னவென்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்கிறார். கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. நம் 'கடல்வாணி' பத்திரிகை வாராவாரம் பிரதி குறைகிறதாம். நிறுத்துகிறவர்கள் எல்லாரும் இளவட்டங்கள். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணிமார், பள்ளிக்கூட வாத்திமார், புதிதாகக் கல்யாணமானவர்கள். கப்பல் வரும் நாளும் அரிசி விலையும் தங்களுக்கு வேறு இடத்திலும் கிடைக்கும் என்கிறார்களாம். வீட்டுப் பெண்கள் கேட்பதால்தான் இத்தனை நாளாய் வாங்கினார்களாம்.

பெண்கள் கேட்பது நீ அதில் எழுதும் தொடர்கதையைத்தான். சனிக்கிழமை நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் எங்கள் மாடியில் நான் 'நஸீபா'வைச் சத்தமாக வாசிப்பது உனக்குத் தெரியும். முன்னால் பாலகிருஷ்ணன் அம்மா மாதிரி வயதானவர்கள், அவர்களுக்குப் பின்னால் தாய்மார், சுவரோரம் குமரிகள். போன வாரம் நஸீபாவின் பெரியப்பா அவளை அந்தக் கிழட்டு வியாபாரிக்குப் பேசி முடித்த இடத்தை வாசித்தேன். "பெரியவங்க பாத்து வச்சா சரியாத்தானே இருக்கும்" என்று முன்வரிசை தலையாட்டியது. பின்வரிசையில் குணமணி, நம் யாழ்ப்பாணத்துக் கிராணியின் பெண்சாதி, எழுந்துவிட்டாள். "அடுத்த கிழமை எனக்கு வேலை இருக்கு அக்கா" என்றாள். அவளோடு இன்னும் மூன்று பேர் போனார்கள்.

ருக்கையாவின் மகள் ஜரீனா மட்டும் கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயது. வாப்பா இல்லாத பிள்ளை. தாய் ருக்கையா இந்தச் சிராங்கூன் ரோட்டை விட்டு அந்தப் பக்கம் போனதே இல்லை. "மாமி, அவ ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறா?" என்று கேட்டாள். அதே கேள்வியைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

தம்பி, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நஸீபா ஒரு வார்த்தை பேசட்டும். பெரியவர்கள் மனமும் கோணாமல், சின்னவர்களும் எழுந்து போகாமல் ஒரு வழி செய்.

உன் லாத்தா
நூருன்னிசா


பினாங்கு, சூலியா தெரு
1908 மார்ச் 20

அன்பும் மரியாதையும் உள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். பல்லைப் பிடுங்கியாயிற்று. மைமூன் மூன்று நாளாகக் கஞ்சிதான் குடிக்கிறாள். கோபம் பல் வைத்தியர் மேல் இல்லை, உங்கள் மேல்.

கதையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் பகலெல்லாம் துணிக்கடையில் நின்று கால் வீங்கி, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எழுதுகிறேன். அதை யார் யார் எழுந்து போனார்கள் என்று பார்த்து எழுதச் சொல்கிறீர்கள். நஸீபா பேச மாட்டாள். பேசாமல் பொறுப்பதுதான் அவளுடைய பெருமை. ஏப்ரலில் நிக்காஹ் முடியும். கணவன் நோயில் விழுவான், அவள் பணிவிடை செய்வாள், ஊரே அவளை வாழ்த்தும். குடும்பத்தில் வாசிக்கத் தகுந்த கதை என்று பெரியவர்கள் சொன்னால் போதும். இளையவர்கள் இன்றைக்குப் போவார்கள், நாளைக்கு வருவார்கள்.

மச்சானுக்குக் குறை இருந்தால் மச்சான் எழுதட்டும். நீங்கள் அச்சில் இருப்பதை வழக்கம்போல வாசியுங்கள்.

தம்பி
அப்துல் அலீம்


சிங்கப்பூர்
1908 ஜூன் 20

தம்பி அலீமுக்கு,

நல்ல சேதி. மாடியில் இடமில்லை. இன்றைக்குப் படிக்கட்டு வரை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குணமணி திரும்பி வந்துவிட்டாள், தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு. பாலகிருஷ்ணன் அம்மா தன் சம்பந்தி வீட்டார் இருவரை ஊர்க்கோடிக் கிராமமான சிராங்கூன் கம்பத்திலிருந்து மாட்டுவண்டியில் வரவழைத்திருக்கிறாள். வீட்டுக்குப் போன பெண்கள் 'கடல்வாணி'யை நிறுத்தக்கூடாது என்று ஆண்களிடம் சொல்கிறார்கள். நின்ற பிரதியெல்லாம் திரும்ப வந்து, மேற்கொண்டு நூறும் ஏறியிருக்கிறது. உன் மச்சான் இப்போது இரண்டாம் தடவை சோறு கேட்கிறார்.

கிழவிகளும் அழுகிறார்கள், குமரிகளும் அழுகிறார்கள். அழுகிற இடம்தான் வேறு வேறு.

உன் கதைதான் தம்பி. நான் வாசிக்கிறேன், அவ்வளவுதான். குரலில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் சேர்த்திருக்கிறேன்.

ஜரீனாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். அவள் தாய்மாமன் ரவூப் பார்த்த மாப்பிள்ளை. ஜவுளி வியாபாரி அப்துல் முத்தலிப். நாற்பத்தைந்து வயது, முதல் தாரம் இறந்துவிட்டாள். ஆகஸ்டில் நிக்காஹ். ருக்கையா கதை கேட்டுக்கொண்டே அந்தப் பிள்ளையின் முக்காட்டுக்கு ஓரம் தைக்கிறாள்.

லாத்தா


பினாங்கு
1908 ஜூலை 1

லாத்தாவுக்கு,

நான் சொன்னேனா இல்லையா? நஸீபா நிக்காஹுக்குச் சம்மதித்ததும் இளசுகள் ஓடிவிடுவார்கள் என்று பயந்தீர்கள். இப்போது படிக்கட்டு வரை நிற்கிறார்கள். பொறுமையின் கதைக்கு வயது வித்தியாசம் இல்லை. உங்கள் கடிதத்தைக் கடை முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். மைமூன்கூட ஒரு நாள் முழுக்க என்னை மரியாதையாக நடத்தினாள்.

கணவனுக்குச் சுரம் கண்டிருக்கிற அத்தியாயம் இத்துடன் வருகிறது. நஸீபா கஞ்சி காய்ச்சும் இடத்தை நிறுத்தி வாசியுங்கள்.

அலீம்


சிங்கப்பூர்
1908 ஆகஸ்ட் 3

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். ஜரீனாவைக் காணோம்.

சனிக்கிழமை பகல் எல்லோரும் இங்கே மாடியில் இருந்தோம். ஜரீனா வரவில்லை. தலைவலி, படுத்திருக்கிறாள் என்று ருக்கையா சொன்னாள். நான் வாசித்தேன். பெரியம்மா வரும் இடத்தில் ருக்கையா முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்த நேரத்தில், தம்பி, சரியாக அந்த நேரத்தில், அவள் பிள்ளை ஒரு துணி மூட்டையோடு ரிக்‌ஷாவில் ஏறியிருக்கிறாள். எதிர்வீட்டுப் பால்காரர் பார்த்திருக்கிறார். தாயாரிடம்தான் போகிறாள் என்று நினைத்தாராம்.

ருக்கையா வீட்டுக்குப் போனபோது பாய் சுருட்டி வைத்திருந்தது. கல்யாணத்துக்குத் தைத்த முக்காடு மடித்து அதன் மேல் இருந்தது. வேறொன்றுமில்லை. ஒரு சொல் இல்லை.

ரவூப் கிணறுகளில் ஆள் இறக்கிப் பார்த்தார். மருத்துவமனையில் கேட்டார்கள். கம்போங் கப்பூரில் வீடு வீடாகப் போனார்கள். முத்தலிப் வீட்டார் நேற்றே வந்து வாசலில் நின்றபடி "இந்தப் பேச்சு இத்தோட சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ருக்கையாவுக்கு அது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. "புள்ள குடை எடுத்துட்டுப் போகல" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அதை எழுத இப்போது துணிவில்லை. துஆ செய்.

நூருன்னிசா


பினாங்கு
1908 ஆகஸ்ட் 3, திங்கள்

லாத்தா,

இதைத் தபாலில் சேர்க்கும்போது உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து வாசியுங்கள்.

இன்று காலை பத்து மணிக்குக் கடையில் இருந்தேன். ஒரு வயதான தம்பதி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். "உங்க லாத்தா வீட்டுப் புள்ளையாம். கப்பல்ல தொணைக்கு எங்களோட வந்துச்சு. ஒப்படைச்சிட்டோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் ருக்கையா மக ஜரீனா, மாமா" என்றது. நீங்கள் எழுதிய பெயர் ஞாபகம் வந்தது. கடை ஆட்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். உடனே வீட்டுக்கு அழைத்துப் போய் மைமூனிடம் விட்டேன்.

மைமூன் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அந்தப் பெண் என்னிடம் கேட்டது:

"மாமா, நஸீபா வாத்தியாரம்மாவா இருக்குற பள்ளிக்கூடம் எந்தத் தெருவுல இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. "எந்த நஸீபா?" என்றேன்.

"உங்க நஸீபாதான். கதைன்னு எனக்குத் தெரியும். ஆனா பள்ளிக்கூடம் நெசந்தானே? தமிழ் முஸ்லிம் பொம்பளப் புள்ளைங்க படிக்கிறது? நான் எழுதுவேன், படிப்பேன், ஓதிக் கொடுப்பேன். சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தருவேன்."

லாத்தா, என் நஸீபாவுக்கு ஏப்ரலில் நிக்காஹ் ஆகிவிட்டது. இந்த வாரம் அவள் கணவனுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் எந்தப் பள்ளிக்கூட வாசலையும் மிதித்ததில்லை. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பயத்தில் வந்த சிரிப்பு. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"அவ நிக்காஹுக்கு முந்தின வாரம் கப்பல் ஏறிட்டாளே மாமா. நூருன்னிசா மாமி வாசிச்சாங்க. எந்தத் துறைமுகப் பாலத்துல படகு புடிக்கணும், எந்தக் கெழமை கப்பல், பொம்பளைங்க எந்தப் பக்கம் உக்காரணும், வயசான புருசன் பொஞ்சாதி யாராவது இருந்தா அவங்களோட ஒட்டிக்கணும், எல்லாம் வந்துச்சே. அப்படித்தான் நானும் வந்தேன்."

மைமூன் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பெட்டியிலிருந்து 'கடல்வாணி' இதழ்களை எடுத்துத் தரையில் பரப்பி, ஏப்ரலிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அச்சில் நான் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. கப்பல் இல்லை. பினாங்கு இல்லை.

இது என்ன? என் பெயரில் அங்கே யார் என்ன வாசிக்கிறார்கள்? பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று முதலில் அதன் தாயிடம் சொல்லுங்கள். பிறகு எனக்குப் பதில் எழுதுங்கள்.

அப்துல் அலீம்


சிங்கப்பூர்
1908 ஆகஸ்ட் 8

தம்பி,

உன் கடிதம் இன்று காலை வந்தது. முதல் வரிகளை வாசித்ததும் செருப்புகூடப் போடாமல் ருக்கையா வீட்டுக்கு ஓடினேன். "இருக்கா, உசிரோட இருக்கா, என் தம்பி வீட்டுல இருக்கா" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தோம்.

கண் திறந்ததும், "யாரு கூட்டிட்டுப் போனா?" என்றுதான் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். அவளுக்கு முன்னால் உனக்குச் சொல்கிறேன்.

நான்தான் தம்பி.

மார்ச்சில் நீ மறுத்து எழுதியபோது எனக்குக் கோபம். அந்தச் சனிக்கிழமை நஸீபா தலைகுனிந்து நிற்கிற இடத்தில், "எனக்கு இஷ்டமில்லை பெரியப்பா" என்று ஒரு வரியை நானே சேர்த்து வாசித்தேன். ஒரே ஒரு வரி. சுவரோரத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தார்கள். தம்பி, நாற்பது வயது வரை என் வாயிலிருந்து வந்த எதற்கும் ஒருவரும் அப்படி நிமிர்ந்தது இல்லை. மறுவாரம் நீ எழுதிய நிக்காஹை வாசிக்க என் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவளைக் கப்பலில் ஏற்றிவிட்டேன்.

முன்வரிசைக்குப் பிடிக்கவில்லை. "ஓடுகாலிக் கதைய எங்களுக்கு ஏம்மா வாசிக்கிற?" என்று பாலகிருஷ்ணன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவர்களும் போய்விட்டால் பத்திரிகை என்னாவது? அதனால் பெரியம்மாவைப் பிடித்தேன். அவள் நஸீபாவுக்காக அழுதாள், நேர்ச்சை வைத்தாள், கடைசியில் மன்னித்துக் கடிதம் எழுதினாள். முன்வரிசை அழ ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஒரு வாரம் பிள்ளைகளுக்கு ஒரு துணிச்சல், மறுவாரம் பெரியவர்களுக்கு ஒரு மன்னிப்பு. கையில் உன் கதை இருக்கும், கண் அதன் மேல் இருக்கும், வாய் வேறொன்றைச் சொல்லும். படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரும் காதால் கேட்டார்களே தவிரத் தாளைப் பார்க்கவில்லை. வீட்டு ஆண்கள் கதைப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

கப்பல் விவரங்களை நம் பத்திரிகையின் முதல் பக்கத்திலிருந்துதான் எடுத்தேன். உண்மை போல இருக்கட்டும் என்று சேர்த்தேன். அதை ஒரு பிள்ளை வழி கேட்டுக்கொள்கிற மாதிரி மனத்தில் வாங்கிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அல்லாஹ் அறிய, தோன்றவே இல்லை.

அவளைக் கோபிக்காதே. சோறு கொடு.

நூருன்னிசா


பினாங்கு
1908 ஆகஸ்ட் 15

லாத்தாவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

நான் எழுதியதை மாற்றினீர்கள் என்பதற்காக முதல் நாள் கோபப்பட்டேன். படிக்கட்டு வரை கூட்டம் வந்தது என் எழுத்துக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அந்த வெட்கம். அதை விடுங்கள். இப்போது என் கோபம் வேறு. ஒரு பெண் தனியாக இரண்டு நாள் கடலில் வந்திருக்கிறாள். அந்தக் கிழவனும் கிழவியும் நல்லவர்களாக இருந்ததால் என் வீட்டில் இருக்கிறாள். அவர்கள் வேறு மாதிரி ஆட்களாக இருந்திருந்தால்?

நேற்று பகல் மைமூனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். அப்படிப் பள்ளிக்கூடம் எதுவும் பினாங்கில் இல்லை, லாத்தா தானாகச் சேர்த்துச் சொன்னது என்றேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அழவில்லை. "அப்ப வேற வேல பாத்துக்கறேன்" என்றாள். தைரியமான பெண் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெரியம்மா மன்னிச்சாங்களே, அது?" என்று கேட்டாள்.

"அதுவும் லாத்தா சேர்த்ததுதான்" என்றேன்.

லாத்தா, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையில் இருந்த தட்டு நழுவி விழுந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. "உம்மா அந்த எடத்துல அழுவாங்க மாமா. ஒவ்வொரு தடவையும் அழுவாங்க. அதப் பாத்துட்டுத்தான் நான் கெளம்பினேன்" என்றாள். பிறகு மைமூன் மடியில் விழுந்தவள் அஸர் பாங்கு சொல்லும் வரை எழவில்லை.

அவளுக்குக் கப்பலைவிட அந்த மன்னிப்புத்தான் பெரிதாகக் கேட்டிருக்கிறது. கிழவிகளுக்காக நீங்கள் வைத்தது.

இனி 'நஸீபா' வராது. மச்சானிடம் சொல்லிவிடுங்கள். அவரிடமும் ருக்கையாவிடமும் எல்லாவற்றையும் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது கோள் ஆகும்.

அலீம்


சிங்கப்பூர்
1908 ஆகஸ்ட் 29

தம்பி,

சொல்லிவிட்டேன். எப்படி நடந்தது என்று கேள்.

உன் கடிதம் வந்த இரண்டாம் நாள் சனிக்கிழமை. பெண்கள் வழக்கம்போல மாடிக்கு வந்துவிட்டார்கள். ஜரீனா போனது ஊருக்கே தெரியும், ஆனால் கதை நிற்கவில்லை என்று நினைத்து வந்தார்கள். நான் பத்திரிகையைக் கையில் எடுக்குமுன் படிக்கட்டில் ருக்கையா. பின்னால் ரவூப்; கதையில் வந்த வழியேதான் ஜரீனா பினாங்கு போனாள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆண் ஒருவர் மாடிக்கு வந்ததும் எல்லாரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"இந்தப் பத்திரிகையில படிச்சுத்தான் என் தங்கச்சி மக ஓடிப்போயிருக்கா. அச்சடிச்சவரக் கோர்ட்டுக்கு இழுக்கப் போறேன். அந்த எடத்தக் காட்டுங்க" என்றார் ரவூப். நான் எல்லா இதழ்களையும் அவர் முன்னால் வைத்தேன். நின்றபடியே வாசித்தார். கடைசியில் நிமிர்ந்து, "இதுல ஒண்ணுமே இல்லையே. நிக்காஹ் முடிஞ்சு புருசனுக்குக் கஞ்சிதானே காச்சிட்டிருக்கா?" என்றார்.

குணமணி ஓர் இதழை வாங்கி அவளும் வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "அப்ப இவ்வளவு நாளும் நீங்க வாசிச்சது எங்கட பத்திரிகையில இல்லையா அக்கா?"

"இல்லை. நானாகச் சொன்னது" என்றேன். பாலகிருஷ்ணன் அம்மா வாயில் வெற்றிலையை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ரவூப் இதழ்களைக் கீழே போட்டுவிட்டு இறங்கிப் போனார். வழக்குப் போட அவருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

ருக்கையா மட்டும் நின்றாள். "நான் அழுதனே நூரு. எம் முன்னாடி உக்காந்துக்கிட்டு என்னைய அழ வச்சியே" என்றாள். பிறகு அவளும் போனாள்.

உன் மச்சானிடம் அன்றே சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கை கழுவும்போது, "பிரதி ஏன் ஏறுதுன்னு நானும் ஒரு வார்த்த கேக்கலையே" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். கதை நின்றதாக அறிவிப்புப் போட்டிருக்கிறார். பிரதி பாதியாகிவிட்டது.

இன்று சனிக்கிழமை. யாரும் வர மாட்டார்கள் என்று பாயை விரிக்கவில்லை. லுஹருக்குப் பிறகு ருக்கையா வந்தாள். வெறுந்தரையில் உட்கார்ந்தாள். "காகிதம் எடு. எம் மகளுக்கு எழுதணும். நான் சொல்றத மட்டும் எழுது. ஒரு சொல்லக் கூட்டாத, கொறைக்காத" என்றாள். எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். இரண்டு தடவையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறாள், தம்பி. மூன்றாம் தடவையும் வாசித்தேன். அப்புறம்தான் மடிக்கச் சொன்னாள். அவள் சொன்னது இதுதான். ஜரீனாவிடம் வாசித்துக் காட்டு:

"ஜரீனா, உம்மா சொல்றேன். கதையில வந்த மாதிரி எனக்கு மன்னிக்கத் தெரியல. ராவும் பகலும் ஒம் மேல கோவமாத்தான் இருக்கேன். ஒங்க மாமா உன்ன வீட்டுக்குள்ள விடமாட்டேங்குறாரு. முத்தலிப்பு வேற பொண்ணு பாத்துட்டாரு. எனக்கு அந்தாளப் புடிச்சிருந்திச்சுன்னு நீ நெனச்சியா? எனக்கும் புடிக்கல. வாயத் தொறக்கல, அவ்வளவுதான். நீ எங்கிட்டக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியல. இன்னும் எனக்கு ஒண்ணும் வெளங்கல. இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல."

நூருன்னிசா


பினாங்கு
1908 செப்டம்பர் 8

லாத்தாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ருக்கையா சொன்னதை ஜரீனாவிடமே கொடுத்தேன். அவளே வாசித்துக்கொண்டாள். மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் மைமூனுக்கு மாவு இடித்துக் கொடுத்தாள்.

நேற்றுக் காலை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ரிக்‌ஷா நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள், இறங்கினாள் என்பதைவிட விழுந்தாள் என்றால் சரி. துணியெல்லாம் உப்புத் தண்ணீர் காய்ந்த கறை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அலீம் வீடா?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் ருக்கையா."

சிராங்கூன் ரோட்டை விட்டு அந்தப் பக்கம் போனதே இல்லை என்று நீங்கள் சொன்ன பெண். ரவூபிடம் சொல்லவில்லையாம். உங்களிடமும் சொல்லவில்லையாமே? அவளாகவே படகு பிடித்து, அவளாகவே கப்பல் ஏறி வந்திருக்கிறாள்.

சத்தம் கேட்டு ஜரீனா உள்ளிருந்து வந்தாள். தாயைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடி விழும் என்று நான் நினைத்தேன். மைமூனும் அப்படித்தான் நினைத்து நடுவில் வந்து நின்றாள். இல்லையென்றால் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். நீங்களும் அப்படித்தான் வாசித்திருப்பீர்கள்.

ருக்கையா மகளை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"கப்பல்ல வாந்தி எடுத்தியா?"

ஜரீனா தலையாட்டினாள். "ஆமா உம்மா. ரெண்டு நாளும்."

"நானும் ரெண்டு நாளும். கொடலே வெளிய வந்துரும் போல. தலையப் புடிச்சு விட ஆளில்லாம." பிடித்திருந்த தூணை விட்டாள். "நீயும் இப்படித்தான் தனியா கெடந்தியா?"

அப்போதுதான் பிள்ளை ஓடி வந்தாள். தாயும் மகளும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மைமூன் ரிக்‌ஷாக்காரனை அனுப்பச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினாள்.

பகல் முழுவதும் ருக்கையா தூங்கினாள். எழுந்து கஞ்சி குடித்தாள். அடுத்த கப்பல் வியாழக்கிழமை இருக்கிறது, இரண்டு பேருக்கும் துணைக்கு நானே சிங்கப்பூர் வரை வருகிறேன் என்று சொன்னேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இனிமே என்னைய வெட்டிப் போட்டாலும் அந்தக் கப்பல்ல ஏற மாட்டேன். எனக்குத் தையல் தெரியும், அவளுக்குப் படிப்புத் தெரியும். இந்தத் தெருவுலயே ஒரு அறை இருந்தாப் பாருங்க."

இன்று காலை மைமூன் அவர்களுக்கு அறை பார்க்கப் போயிருக்கிறாள்.

அப்துல் அலீம்